ஆகாயத்தில் கடைப்பலகை

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து இரவொன்றில், ஷாங்காய் நகரத்தில் கூடி நின்ற ஜனங்களின் தலைக்கு மேலே 1,500 ட்ரோன்கள் எழும்பி, ஒரு கைபேசி விளையாட்டின் கதாபாத்திரங்களாக உருமாறி, இறுதியில் ஒளிப் புள்ளிகளாலான பிரம்மாண்டமான க்யூஆர் குறியீடாக அணிவகுத்து நின்றன. கைபேசியை ஆகாயத்தை நோக்கி உயர்த்தியவர்களை அந்தக் குறியீடு விளையாட்டு நிறுவனத்தின் வாசலுக்கே அழைத்துச் சென்றது. காய்கறிக் கடைத் தராசின் பக்கத்திலும் டீக்கடைக் கல்லாவிலும் ஒட்டப்பட்டிருக்கும் அந்தச் சிறு சதுரம், ஒரு மாநகரத்தின் வானத்தையே தனக்கு இடமாக்கிக்கொண்ட செய்தி உலகத்துப் பத்திரிகைகளில் வியப்போடு வெளியாயிற்று. அந்த வியப்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் வியந்து முடித்த பின்பாவது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வானத்தை அந்த நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டவர் யார்?

நிலத்தின் மீது நிற்கும் விளம்பரத்துக்கு ஒரு முகவரி உண்டு. சுவர் ஒருவருக்குச் சொந்தம். அதில் எழுத அவருடைய சம்மதம் வேண்டும். சாலையோரத்துப் பலகைக்கு அனுமதியும் வரியும் உண்டு. அது கண்ணை உறுத்தினால் மனுக் கொடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவாகவாவது போகலாம். வானத்தில் தோன்றும் விளம்பரத்தினிடம் இந்த வழி ஒன்றும் செல்லாது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பமும், கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கும் முதியவரும், ஆஸ்பத்திரி ஜன்னலோரத்துக் கட்டிலில் தூக்கம் வராமல் கிடக்கும் நோயாளியும் ஏககாலத்தில் அதற்கு வாசகர்களாகிவிடுகிறார்கள். பத்திரிகையை விலை கொடுத்து வாங்கியவன் அதிலுள்ள விளம்பரத்துக்கும் ஒருவகையில் சம்மதம் கொடுத்தவனே. வானத்தைப் பார்த்தவன் எதற்கும் சம்மதம் கொடுத்தவனல்லன்.

நிலத்துக்கு உடையவன் அதற்கு மேலே சுவர்க்கம் வரையிலும், கீழே பாதாளம் வரையிலும் உடையவன் என்பது மேல்நாட்டுச் சட்ட மரபில் நெடுங்காலம் வழங்கிவந்த சூத்திரம். ஆகாய விமானம் பிறந்த பிறகு அந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு உலகம் நடத்த முடியவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஒரு கோழிப்பண்ணைக்கு 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் ஓயாமல் பறந்து இறங்கியபடியால், மிரண்டுபோன கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன. ஏறக்குறைய 150 கோழிகள் மடிந்து, பண்ணைத் தொழிலையே அந்தக் குடும்பம் கைவிட நேர்ந்தது. 1946-ல் இவ்வழக்கை முடித்த அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், சுவர்க்கம் வரை நீளும் உரிமைக்கு நவீன உலகில் இடமில்லை என்றும், உயர்ந்த ஆகாயம் ஜனங்கள் அனைவருக்குமான ராஜபாட்டை என்றும் தீர்த்துச் சொல்லியதோடு, வீட்டையும் நிலத்தையும் ஒட்டிய ஆகாயம் அங்கே குடியிருப்பவனின் அனுபவத்துக்கு உரியது என்றும், அதைக் கெடுத்தால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் பலமுறை சிந்தித்ததுண்டு. குடியானவன் தன் தலைக்கு மேலிருந்த ஆகாயத்தை விட்டுக்கொடுத்தான் என்றால், தபாலும் பிரயாணியும் மருந்தும் அவ்வழியே போய்வர வேண்டும் என்பதற்காகவே விட்டுக்கொடுத்தான். பாதைக்கென்று பொதுவாக்கப்பட்ட இடத்தில் கடை விரிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் எவருக்கும் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. உடையவன் இல்லாத இடம் என்பதனாலேயே ஆகாயத்தில் மறுப்புச் சொல்வதற்கு ஆள் இல்லை. அந்த மறுப்பைச் சமுதாயம்தான் சட்டத்தின் வாயிலாகச் சொல்ல வேண்டும், அதையும் காலம் கடக்குமுன் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆகாயத்தில் வியாபாரம் செய்யும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1922-ல், இங்கிலாந்தின் எப்ஸம் மைதானத்தில் குதிரைப் பந்தயத்துக்குத் திரண்டிருந்த கூட்டத்தின் மேலே, ஸிரில் டர்னர் என்ற விமானி ‘டெய்லி மெயில்’ என்ற பத்திரிகையின் பெயரைப் புகையால் எழுதிக் காட்டினார். மேஜர் ஜாக் ஸாவேஜ் என்பவர் வகுத்துக் கொடுத்த முறை அது. அதே ஆண்டு நவம்பரில் டர்னர் நியூயார்க் நகரத்து வானில் ஒரு முகமன் வார்த்தையையும் ஒரு டெலிபோன் எண்ணையும் எழுத, அந்த எண்ணுக்கு மூன்று மணி நேரத்துக்குள் 47,000 அழைப்புகள் வந்ததாக அக்காலத்துச் செய்தி சொல்கிறது. சிகரெட் கம்பெனியும், சில ஆண்டுகளுக்குப் பின் பெப்ஸி பானத்தின் கம்பெனியும் அவ்வித்தையைத் தங்களுக்கென்று அமர்த்திக்கொண்டன.

அந்த வித்தையை இழிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடேறிய புகைப்போக்கிக்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் வெண்புகை திரண்டு வருகிறது. விமானி சுமார் 10,000 அடி உயரத்தில் அந்தப் புகையையே மையாகக் கொண்டு, அரை மைலுக்கும் மேற்பட்ட எழுத்துகளை வரைகிறார். எழுத்துக்குள்ளேயே பறந்துகொண்டிருப்பதால் தாம் எழுதுவது அவர் கண்ணுக்குப் புலப்படாது. திசைகாட்டியைப் பார்த்து, விநாடிகளை எண்ணி, இத்தனை விநாடிக்கு ஒரு கோடு, இந்த இடத்தில் புகையை நிறுத்து, இந்த இடத்தில் திரும்பு என்று மனக்கணக்காகவே செய்துகொண்டு போக வேண்டும். தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு நேராகத் தெரிய வேண்டியதை மேலே இருப்பவர் இடவலம் மாற்றி எழுத வேண்டும். கடைசி எழுத்து முடிவதற்குள் முதல் எழுத்தைக் காற்று கலைக்கத் தொடங்கிவிடும். ஒரு தனி மனிதனுடைய சாமர்த்தியமும், சில நிமிஷங்களே நிற்கும் ஆயுளும் அந்தப் பழைய வித்தைக்கு ஒரு மரியாதையைத் தந்திருந்தன.

ஆயினும் அப்பொழுதே அதன் மற்றொரு பக்கத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள். வர்ஜீனியா உல்ஃப் 1925-ல் வெளியிட்ட ‘மிஸஸ் டாலோவே’ நாவலில், லண்டன் வீதியில் நிற்கும் ஜனங்கள் விமானம் எழுதும் எழுத்துகளைக் கூட்டி, எந்தச் சரக்கின் பெயர் என்று ஊகித்துக்கொண்டிருக்கையில், யுத்தத்தில் சித்தம் கலங்கிய சிப்பாய் ஒருவன் அவை தனக்கென்றே அனுப்பப்பட்ட சமிக்ஞை என்று எண்ணிக் கண்ணீர் சொரிகிறான். மனித ஜாதி ஆதி காலம் முதல் மழைக்காகவும், திதிக்காகவும், பிறை காண்பதற்காகவும் அண்ணாந்து பார்த்துப் பழகியது. மேலேயிருந்து வருவது எதுவாயினும் அதற்கு ஒரு கணமேனும் பணிந்து நிற்பது நம் சுபாவம். ஆகாய விளம்பரம் நம்மிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது அந்தப் பணிவைத்தான். இந்த வலிமை வியாபாரியோடு நிற்பதுமில்லை. ஜப்பானில் கட்டட உச்சியிலிருந்து கயிற்றில் கட்டிப் பறக்கவிடும் விளம்பரப் பலூன்கள் 1930-களில் மிகப் பிரசித்தமாயிருந்தன. 1936 பிப்ரவரி 26-ஆம் தேதி இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் கலகம் செய்து டோக்கியோ நகரத்தின் மத்தியப் பகுதியைப் பிடித்துக்கொண்டபோது, சக்கரவர்த்தியின் ஆணை பிறந்துவிட்டது, படைக்கொடியை எதிர்க்காதீர்கள் என்ற வாசகத்தை அரசாங்கத் தரப்பினர் 29-ஆம் தேதி அத்தகைய பலூன் ஒன்றில்தான் கட்டிப் பறக்கவிட்டார்கள். பண்டம் விற்க உயர்ந்த அதே பலூன் படையைப் பணியவைக்கவும் உயர்ந்தது.

விமானத்தின் வாலில் துணிப் பதாகையைக் கட்டி இழுக்கும் முறையும் இதே பரம்பரையைச் சேர்ந்தது. பதாகையோடு கூடிய விமானம் தரையிலிருந்து கிளம்புவதில்லை. புல்வெளியில் இரண்டு கம்பங்கள் நட்டு, அவற்றின் இடையே கயிற்று வளையத்தைத் தொங்கவிட்டு, எழுத்துகளைத் தரையில் நீளப் பரப்பி வைத்திருப்பார்கள். விமானி கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு தாழ்ந்து வந்து வளையத்தைக் கவ்வியவுடன் மூக்கைச் செங்குத்தாக நிமிர்த்தி மேலேறுவார். எழுத்து எழுத்தாகத் தரையை விட்டு உரிந்து, முழு வாசகமும் அவர் பின்னே நீளும். அந்த ஒரு கணத்தில் வேகம் குறைந்தால் விமானம் விழும். ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரசபை இத்தகைய பதாகைகளைத் தன் எல்லைக்குள் அறவே தடை செய்திருந்தது. பிரசாரப் பதாகை பறக்கவிட விரும்பிய ஓர் அமைப்பு வழக்குத் தொடுக்க, 2006-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எந்தக் கட்சியின் கருத்து என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே விதமாக மறுப்பதும், கடற்கரையின் சௌந்தரியத்தைக் காப்பதும் நகரத்தின் நியாயமான அதிகாரம் என்பதே அதன் சாரம். பிரிட்டனும் 1960-ல் ஆகாய விளம்பரத்தைச் சட்டத்தால் தடுத்தது. அந்தத் தடை பின்னாளில்தான் படிப்படியாகத் தளர்ந்தது. பேச்சுச் சுதந்திரத்தைப் பெரிதாகப் போற்றும் தேசங்களே இவ்விஷயத்தில் ஓர் எல்லை வகுக்கத் தயங்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எல்லாப் புதுமைகளையும் ஒரே கூட்டில் அடைப்பது நியாயமன்று. 2016-ல் ‘கபாலி’ படம் வெளியானபோது, ஏர் ஏஷியா விமானம் ஒன்றின் உடல் முழுவதும் ரஜினிகாந்தின் உருவம் தீட்டப்பட்டுப் பறந்தது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விமானம் எப்படியும் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அவ்வழியே போகவேண்டியதுதான்; அது ஆகாயத்திலிருந்து எதையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 2009-ல் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தையில், ஈயைத் தன் சின்னமாகக் கொண்ட ஒரு பிரசுராலயம், 200 உயிருள்ள ஈக்களின் உடலில் மெழுகால் நுண்ணிய பதாகைகளை ஒட்டிப் பறக்கவிட்டதை என்னால் அவ்வாறு ஏற்க முடியவில்லை. பாரம் தாங்காத அந்தப் பூச்சிகள் சிறிது பறப்பதும், அருகிருப்பவர் மீது உட்கார்ந்துவிடுவதுமாக இருந்தன. பின்னர் மெழுகு தானே உதிர்ந்துவிடும் என்று சமாதானம் சொன்னார்கள். ஜீவனுள்ள ஒன்றைக் கம்பமாக்கலாம் என்று தோன்றிய மனத்துக்கு அந்தச் சமாதானம் போதாது. 2014-ல் மாஸ்கோவில் நூடுல்ஸ் உணவகம் ஒன்றுக்காகப் பலகை கட்டிய ட்ரோன்கள் உயர்ந்த அலுவலகங்களின் ஜன்னல்களுக்கு நேரே மத்தியான வேளையில் மிதந்து நின்றன. வீட்டை ஒட்டிய ஆகாயம் குடியிருப்பவனுடையது என்று 1946-ல் சொல்லப்பட்ட நியாயம் ஒளிந்துபோன இடம் அது.

ட்ரோன் கூட்டத்தின் வேலை முறையைச் சிறிது சொல்ல வேண்டும். சுமார் 300 கிராம் எடையுள்ள சிறு யந்திரம், அதன் வயிற்றில் எந்த நிறத்தையும் காட்டும் எல்இடி விளக்கு, நான்கு சுழலிகள், சில நிமிஷங்களே தாங்கும் பேட்டரி: தனியாக எடுத்துப் பார்த்தால் இவ்வளவுதான். இவற்றைத் திறந்த மைதானத்தில் நாற்றங்கால் போல வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எந்த விநாடியில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே வகுத்து, செயற்கைக்கோள் வழியே நிலையறியும் ஏற்பாட்டைச் சில சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக்கி, ஒரே கட்டளையில் எழுப்புகிறார்கள். 2015-ல் ஜெர்மனியில் 100 ட்ரோன்களைக் கொண்டு இன்டெல் கம்பெனி செய்து காட்டியது அந்நாளில் பெரிய சாதனை. 2022 ஜனவரியில் டெல்லியில் குடியரசு தின விழாவின் முடிவில் நம் நாட்டு இளைஞர்கள், ஐஐடியில் முளைத்த நிறுவனத்தின் வழியே, 1,000 ட்ரோன்களை எழுப்பினார்கள். அந்த இரவில் ஜனங்கள் அடைந்த பெருமிதம் நியாயமானது. பொது விழாவில், அறிவித்த இடத்தில், பார்க்க விரும்பி வந்தவர்களுக்கு முன்னே நிகழ்த்தப்பட்ட கலை அது.

அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் நடந்தது வேறு. ‘கேண்டி கிரஷ்’ விளையாட்டுக்காக 500 ட்ரோன்கள் ஹட்சன் நதிக்கு மேலே எழும்பி மின்னின. நியூயார்க் நகரம் தன் மண்ணிலிருந்து ட்ரோன் கிளப்புவதை அப்பொழுது பெரும்பாலும் தடை செய்திருந்ததால், அவை எதிர்க்கரையிலிருந்த நியூஜெர்ஸியிலிருந்து கிளம்பின. ஒரு கரையின் சட்டத்தை மறு கரையின் மைதானம் பயனற்றதாக்கிவிட்டது. நகரத்தின் காட்சியைத் தனியார் லாபத்துக்காகக் கெடுப்பது தகாது என்று அம்மாகாணத்துச் செனட்டர் ஒருவர் வெளிப்படையாகவே கண்டித்தார். பறவை ஆர்வலர்கள் வேறொரு காரணத்தால் கலங்கினார்கள். அது பட்சிகள் இரவில் தெற்கே வலசை போகும் பருவம். செயற்கை ஒளி அப்பட்சிகளுக்கு என்ன செய்கிறது என்பதற்கு அந்நகரத்திலேயே அத்தாட்சி உண்டு. செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவாக ஆண்டுதோறும் ஏற்றப்படும் இரட்டை ஒளிக்கற்றையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சம் பறவைகள் அதனால் பாதிக்கப்பட்டன என்று 2017-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். வழி தடுமாறிய பட்சிகள் அந்த ஒளிக்குள்ளேயே வட்டமிட்டுச் சோர்கின்றன. விளக்கை 20 நிமிஷம் அணைத்தால் மீண்டும் தங்கள் பாதையில் போய்விடுகின்றன. துக்கத்தின் அடையாளமான அந்த விளக்கையே பறவைகளுக்காக அணைத்து ஏற்றுகிறார்கள் என்றால், மிட்டாய் விளையாட்டின் விளக்குக்கு என்ன விசேஷ உரிமை?

மேலே போனது கீழே வரும் என்பதும் மறக்கத்தக்கதன்று. 1986 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், தர்ம ஸ்தாபனம் ஒன்றின் நிதிக்காக ஏறக்குறைய 15 லட்சம் பலூன்களை ஒரே சமயத்தில் விட்டார்கள். நல்ல நோக்கந்தான், ஆனால் மழையும் காற்றும் வந்து அவற்றை நகரத்தின் மீதும் ஈரி ஏரியின் மீதும் அமுக்கிவிட, ஏரியில் படகு கவிழ்ந்த இருவரைத் தேடிய கடற்காவலருக்கு அலைமேல் மிதந்த பலூன்களின் இடையே மனிதத் தலையை இனங்காண முடியாமல் போயிற்று, இருவரும் இறந்தார்கள். 2023-ல் மெல்போர்னில் பலத்த காற்றில் சிக்கி 500 ட்ரோன்களில் 400-க்கும் மேற்பட்டவை தண்ணீரில் விழுந்தன. 2024 டிசம்பரில் ஓர்லாண்டோவில் விடுமுறைக்கால ட்ரோன் காட்சியின்போது யந்திரங்கள் மோதிச் சிதறி, பார்க்க வந்த ஏழு வயதுச் சிறுவன் பலத்த காயமடைந்தான்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றி எழுத எனக்குத் தனியான காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில், சென்னைப் பள்ளிக்கரணைச் சாலையில், கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கென்று வைத்திருந்த பேனர், ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இளம் பெண் பொறியாளர் மீது சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அவர் சிக்கி மாண்டார். அதற்கு முன்பே கோர்ட்டின் ஆணைகள் இருந்தன. டிராபிக் ராமசாமி போன்றவர்கள் வருஷக்கணக்காக வழக்காடியும் வந்தார்கள். ஒரு சாவுக்குப் பிறகே பலகைகளில் சில இறங்கின. தரையில் இருப்பவற்றையே இவ்வளவு பிந்தித்தான் நம்மால் கட்டுப்படுத்த முடிந்தது என்னும்போது, நாளை நகைக்கடையும் ஜவுளிக்கடையும் தீபாவளிக்கு ட்ரோன் கூட்டம் எழுப்புகையில், தேர்தலில் கட்சிகள் தலைவரின் முகத்தை இரவு வானில் நிறுத்துகையில் என்ன செய்யப்போகிறோம்? 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் எங்கே பறக்கலாம், யார் ஓட்டலாம், எந்த யந்திரம் தகுதியுள்ளது என்பவற்றைப் பெரும்பாலும் பாதுகாப்பின் கண்கொண்டே வகுத்திருக்கின்றன. ஆகாயத்தில் எழுதப்படும் வாசகத்தால் கீழே இருப்பவனுக்கு நேரும் இடைஞ்சலையும் எவரேனும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தொழிலில் பொறியாளரும் ஓவியரும் விமானிகளும் பிழைக்கிறார்கள் என்பார்கள், உண்மைதான். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கும்படி நான் கோரவில்லை. மைதானமோ கடற்கரையின் ஒரு பகுதியோ குறிக்கப்பட்டு, நாளும் நேரமும் முன்னதாக அறிவிக்கப்பட்டு, விரும்பியவர்கள் போய்ப் பார்க்கும்படியாக, வாணவேடிக்கையைப் போல அது நடக்கட்டும். அதற்குரிய கட்டணம் அந்த ஊரின் ஏரிகளுக்கும் பூங்காக்களுக்கும் போகட்டும். குடியிருப்புகளின் மேலேயும், ஆஸ்பத்திரிகளின் அருகிலும் அனுமதி கூடாது. வேடந்தாங்கலுக்கும், 2022-ல் ராம்சார் அந்தஸ்துப் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும், பழவேற்காட்டுக்கும் தூர தேசத்துப் பட்சிகள் வந்து தங்கும் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களில், அந்த வட்டாரங்களில் இரவுக் காட்சி அறவே கூடாது. தேர்தல் பிரசாரத்துக்கு ஆகாயத்தைத் தருவது எந்தக் கட்சிக்கும் வேண்டாம். ஆளும் கட்சிக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம். டோக்கியோவின் பலூனை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

பூமியின் ஆகாயத்தைத் தாண்டியும் இந்த ஆசை போயிருக்கிறது. 1993-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, விண்வெளியில் சுமார் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள விளம்பரப் பலகையை விரித்து, பூமியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சந்திரன் அளவில் தோன்றச் செய்யலாம் என்று திட்டமிட்டது. வானசாஸ்திரிகள் கொதித்தெழுந்தார்கள், தொலைநோக்கி முதலிய சாதனங்களின் உதவியின்றி, தரையில் நிற்பவன் வெறுங்கண்ணால் இனங்காணக்கூடிய விண்வெளி விளம்பரத்துக்கு அமெரிக்கச் சட்டம் பிற்பாடு தடை விதித்தது. அந்தத் தடை அமெரிக்காவில் அனுமதி பெற்றுக் கிளம்பும் ராக்கெட்டுகளையே கட்டுப்படுத்தும். 2019-ல் ரஷ்ய நிறுவனம் ஒன்று சிறு செயற்கைக்கோள்களின் கூட்டத்தால் விளம்பரச் சின்னங்களை இரவு வானில் ஒளிரச் செய்யப்போவதாக அறிவித்தபோது, குளிர்பானக் கம்பெனி ஒன்றின் ரஷ்யக் கிளை அதில் ஈடுபாடு காட்டியது. கண்டனம் எழுந்த பிறகு தலைமையகம் பின்வாங்கியது. ஒரு கம்பெனியின் சங்கோசத்தை நம்பி வானம் இருக்க முடியாது.

ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்புவின் பெயர் தாங்கிய வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது, 2.3 மீட்டர் விட்டமுள்ள அதன் தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்து வருகிறது. 1988 பிப்ரவரியில் அங்கேதான் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கு நம் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. மங்கிய ஓர் ஒளிப்புள்ளி நட்சத்திரங்களின் இடையே மிக மெல்ல இடம் பெயர்வதைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துக் கண்டுகொள்ளும் வேலை அது. சந்திரன் அளவுக்குப் பிரகாசிக்கும் குளிர்பானச் சின்னம் அவ்விரவுகளில் மலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தால் அந்த வேலை நடந்திராது. விண்வெளியை அமைதி வழியில் பயன்படுத்துவது பற்றிய ஐக்கிய நாடுகளின் குழுவில் இந்தியாவும் அங்கத்தினர். வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்வெளி விளம்பரத்தைச் சகல தேசங்களும் கூடித் தடை செய்யும் ஒப்பந்தத்தை அந்தக் குழுவில் நம் பிரதிநிதிகள் முன்மொழிய வேண்டும். ராக்கெட் ஏவும் தொழிலில் தனியாருக்கு இடம் கொடுத்திருக்கும் நம் அரசாங்கம், அதற்கு முன்பாகவே, தன் அனுமதிப் பத்திரத்தில் அந்த ஒரு நிபந்தனையை எழுதிவிட வேண்டும்.